ஒரு மணமுறிவுக்கு எத்தனை கேஸ் கட்டு?

குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்வது நம் உரிமை இல்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். 1984-ல் வந்த குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 13-வது பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வழக்கில் இருக்கும் யாரும் ‘வழக்கறிஞர் மூலமாகத்தான் வருவேன்’ என்று உரிமையோடு கேட்க முடியாது. தேவைப்பட்டால் சட்டம் தெரிந்த ஒருவரை நீதிமன்றம் தனக்கு உதவியாக அழைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். நடைமுறை வேறு. அனுமதி கேட்டு ஒரு மனு போடுகிறார்கள், பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றங்களின் வராந்தாவில் கறுப்பு அங்கிக்குப் பஞ்சமே இல்லை.

சட்டம் எழுதியவர்கள் வக்கீலை ஏன் வாசலில் நிறுத்தப் பார்த்தார்கள்? குடும்பத் தகராறை மற்ற சிவில் வழக்குகள் போல நடத்தக் கூடாது, விசாரணைக்கு முன்பு சமரசத்துக்கு முயல வேண்டும் என்று சட்ட ஆணையம் 1974-ல் தன் 59-வது அறிக்கையில் சொன்னது. அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் குடும்பநல நீதிமன்றம். சமரசத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை என்றே அந்தச் சட்டத்தின் 9-வது பிரிவு வைத்திருக்கிறது. சமரசம் பேச ஆலோசகர்களை வைத்ததும், சாட்சிய விதிகளைத் தளர்த்தியதும் அதற்காகத்தான். இடையில் வக்கீல் வந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை பெரிய யுத்தமாகிவிடும் என்ற பயம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பயம் பாதி நியாயமானது. மீதிப் பாதி தவறு. வக்கீல் இல்லாமல் போனால் யார் தோற்பார்கள்? கையில் காகிதம் இல்லாதவர், வங்கிக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்றே தெரியாதவர், குறுக்கு விசாரணையில் ‘ஆமாம்’ என்று சொல்லக் கூடாத இடத்தில் ‘ஆமாம்’ சொல்பவர். அதனால் வக்கீல் வேண்டும். ஆனால் அவரைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டம் எதைக் கண்டு பயந்ததோ அதையே நாமும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இவர் ஜெயிப்பாரா என்று கேட்பதைவிட, இவர் என் பிரச்சினையை எத்தனை வழக்காக ஆக்கப்போகிறார் என்று கேட்பதுதான் சரியான கேள்வி என்பது என் எண்ணம்.

ஒரு திருமணம் உடைந்தால் ஒரு வழக்குதான் வரும் என்று வெளியிலிருப்பவர்கள் நினைக்கிறார்கள். நடப்பதைப் பார்ப்போம். கணவர் அம்பத்தூரில் இருக்கிறார், மனைவி கோபித்துக்கொண்டு திருநெல்வேலியில் தாய் வீட்டுக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சென்னையில் 1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் 13-வது பிரிவில் விவாகரத்து மனு போடுகிறார். மனைவியின் வக்கீல் பதிலுக்கு அதே சட்டத்தின் 9-வது பிரிவில் ‘சேர்ந்து வாழ வையுங்கள்’ என்று ஒரு மனு போடுகிறார். அப்புறம் ஜீவனாம்சத்துக்குத் தனி மனு. அது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-வது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. அதன் மேல் 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் குற்றவியல் நடுவரிடம் ஒரு வழக்கு. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஒரு புகார், முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான அத்தாட்சி), பிறகு எஃப்.ஐ.ஆர். போட்டால் அது மனைவியைக் கொடுமைப்படுத்துவதற்கான பிரிவு: பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 498ஏ, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 85. குழந்தை இருந்தால் 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில் இன்னொன்று. கடைசியாக, சென்னையில் இருக்கும் வழக்கைத் திருநெல்வேலிக்கு மாற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு மாற்றல் மனு. எண்ணிப் பாருங்கள், ஏழு கேஸ் கட்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்தா தேதி, ஒரு ஃபீஸ்.

இதில் ஒன்றுகூடத் தேவையில்லாதது என்று சொல்லவரவில்லை. அடிபட்டு வெளியே வந்த பெண்ணுக்குக் காவல் நிலையப் புகாரும் குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு உத்தரவும் அன்றைக்கே வேண்டும். அவரிடம் ‘கொஞ்சம் பொறுங்கள், பேசிப் பார்ப்போம்’ என்று சொல்லும் வக்கீல்தான் தவறான வக்கீல். பிரச்சினை, அடி விழாத வீட்டிலும் ‘பிரஷர் கொடுக்கலாம்’ என்று ஏழு வழக்கையும் போடுவதில்தான். மறுபக்கம், கட்டுகளைக் குறைக்கும் வழிகளும் சட்டத்துக்குள்ளேயே உண்டு. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 26-வது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டத்தில் கிடைக்கும் வீட்டுரிமை, பணம், பாதுகாப்பு போன்ற நிவாரணங்களை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் குடும்பநல வழக்குக்குள்ளேயே கேட்டுக்கொள்ளலாம் என்கிறது அது. இரண்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டிய இடத்தில் ஒன்று போதும். குழந்தை விஷயத்தையும் இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் அதே வழக்கில் கேட்கலாம். (இரண்டும் 26 என்பது தற்செயல்.) முதல் சந்திப்பில் இதைத் தானாகவே எடுத்துச் சொல்கிற வக்கீல் உங்கள் நேரத்தை மதிக்கிறவர்.

ஜீவனாம்சத்தில் இந்தக் குழப்பம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ரஜனேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் வந்த தீர்ப்பு, நான்கு சட்டத்தில் நான்கு ஜீவனாம்சம் கேட்டு, நான்கு உத்தரவு வாங்கி, ஒன்றுக்கொன்று முரண்பட்டு நிற்பதைச் சரிசெய்யப் பார்த்தது. முன்பு எங்கேயாவது ஜீவனாம்சம் கேட்டிருந்தால், கிடைத்திருந்தால், அதைப் புதிய மனுவில் கட்டாயம் சொல்ல வேண்டும்; பழைய தொகையைக் கழித்துத்தான் புதியது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. இரண்டு பேரும் தங்கள் வருமானம், சொத்து, கடன், மாதச் செலவு எல்லாவற்றையும் சத்தியப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்.

அந்தப் பத்திரம்தான் ஒரு வக்கீலின் தரத்தைக் காட்டிக்கொடுக்கும் இடம் என்பேன். சோம்பேறி வக்கீல், ஆபீசில் இருக்கும் பழைய ஃபார்மட்டில் பெயரை மட்டும் மாற்றி ஒரு மணி நேரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார். நல்லவர் மூன்று வருட வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, எல்.ஐ.சி., பி.எஃப்., வாடகை ரசீது என்று உட்கார வைத்துக் கேட்பார், எரிச்சலூட்டுவார். எதிர்த்தரப்பின் பத்திரத்திலும் எங்கே ஓட்டை என்று இதே கண்ணோடு பார்ப்பார். ‘எனக்கு மாதம் பதினைந்தாயிரம்தான் சம்பளம்’ என்று சொல்பவரின் கிரெடிட் கார்டு பில்லைக் கேட்டு மனு போடத் தெரிந்தவர் வேண்டும். ஜீவனாம்ச வழக்குகளை முடிவு செய்வது கண்ணீரும் வாதமும் இல்லை, காகிதம்.

இன்னொரு விஷயம் பலரைக் குழப்பும். விவாகரத்து வேண்டும் என்கிறவரே ‘சேர்ந்து வாழ வையுங்கள்’ என்று மனு போடுவார். ஏன்? சேர்ந்து வாழச் சொல்லி உத்தரவு வந்து ஒரு வருடம் ஆன பிறகும் இருவரும் சேரவில்லை என்றால், அதுவே விவாகரத்துக்குக் காரணமாகிவிடும். தவிர ‘நான் குடும்பம் நடத்தத் தயார், அவர்தான் வரவில்லை’ என்று ஜீவனாம்ச வழக்கில் காட்டவும் பயன்படும். சட்ட நுணுக்கமாக இது தவறில்லை. ஆனால் உங்கள் பெயரில் அப்படி ஒரு மனு போகும்போது உங்களுக்கு அது ஏன் என்று தெரிந்திருக்க வேண்டும். ‘அதெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க சார், கையெழுத்து மட்டும் போடுங்க’ என்று சொல்கிற இடத்தில் எழுந்துவிடலாம். அந்த மனுவில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டித்தான் உங்களைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்வார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அப்போது சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

எந்த ஊர் வக்கீல் என்பதும் முக்கியம், பெயரும் புகழும் அதற்கு அப்புறம்தான். இந்து திருமணச் சட்டம் 19-வது பிரிவில் திருமணம் நடந்த இடம், எதிர்மனுதாரர் வசிக்கும் இடம், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் ஆகியவற்றில் வழக்குப் போடலாம். 2003-ல் ஒரு திருத்தம் வந்தது. மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் இடத்திலேயே போடலாம். மாற்றல் மனுக்களிலும் பொதுவாக மனைவியின் வசதியைத்தான் நீதிமன்றங்கள் முதலில் பார்க்கின்றன. ஆக, சென்னையில் பெரிய வக்கீலைப் பிடித்து மனு போட்ட கணவர், ஆறு மாதம் கழித்து வழக்கு திருநெல்வேலிக்குப் போனதும் அங்கே புதிதாக ஒருவரைத் தேட வேண்டியிருக்கும். அல்லது சென்னைக்காரருக்கு ரயில் டிக்கெட்டும் லாட்ஜ் வாடகையும் கொடுக்க வேண்டியிருக்கும். குடும்பநல நீதிமன்றம் இல்லாத ஊர்களில் இந்த வழக்குகள் சார்பு நீதிமன்றத்தில் எச்.எம்.ஓ.பி. (இந்து திருமண அசல் மனு) என்ற பெயரில் நடக்கும். அங்கே வாரத்தில் எந்த நாள் எந்த வழக்கு எடுப்பார்கள், சமரச மையத்தில் யார் பொறுமையாகப் பேசுவார்கள் என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும்.

எந்தச் சட்டத்தில் கல்யாணம் நடந்தது என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களை 1967-ம் ஆண்டுத் திருத்தம் இந்து திருமணச் சட்டத்துக்குள் 7ஏ பிரிவாகக் கொண்டுவந்தது, அதனால் புரோகிதர் இல்லாவிட்டாலும் விவாகரத்து அதே சட்டத்தில்தான். பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவர்களுக்கு 1954-ம் ஆண்டுச் சட்டம். கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டுச் சட்டம். அதில் பரஸ்பர சம்மதம் 2001-ல்தான் சேர்ந்தது. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ம் ஆண்டுச் சட்டம் தனி. வெளிநாட்டு விவாகரத்து வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும்: எந்தச் சட்டத்தில் கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஒத்துக்கொள்ளும் நீதிமன்றமும் காரணமும் இருந்தால்தான் அந்த டிகிரி (நீதிமன்றத்தின் முடிவான ஆணை) இங்கே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது, மற்றவர் அந்த நீதிமன்றத்துக்கு மனமொத்துப் போயிருந்தால் விலக்கு உண்டு.

சரி, பணத்துக்கு வருவோம். விவாகரத்து மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் சொற்பம். செலவெல்லாம் வக்கீல் ஃபீஸில்தான். ஒட்டுமொத்தமாகப் பேசி மூன்று நான்கு தவணையாக வாங்குபவர்கள் உண்டு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாங்குபவர்கள் உண்டு. வாய்தாவுக்கு இவ்வளவு என்றால் வாய்தா கூடக் கூட யாருக்கு லாபம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒட்டுமொத்தம் என்றால் எதெல்லாம் உள்ளே என்று கேளுங்கள்: இடைக்கால மனுக்கள், சமரச மையத்துக்கு வருவது, சாட்சி விசாரணை, மேல்முறையீடு. மேல்முறையீடு அநேகமாக இருக்காது. யார் வருவார் என்றும் கேளுங்கள். சீனியரிடம் பேசிப் பணம் கொடுத்துவிட்டு, இரண்டு வருடம் ஜூனியரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கட்சிக்காரர்கள் ஏராளம். வாய்தா வாங்க ஜூனியர் போதும், அதில் தவறில்லை. குறுக்கு விசாரணைக்கு யார் நிற்பார் என்பதுதான் விஷயம்.

ஜீவனாம்சத் தொகையில் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுபவர்களும் இருக்கிறார்கள். இது விதிமீறல். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் வாங்கக் கூடாது, கிடைப்பதில் பங்கு கேட்கக் கூடாது என்று, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி தெளிவாகச் சொல்கிறது. அந்த விதி எல்லா வழக்குக்கும் பொதுதான், ஆனால் குடும்ப வழக்கில் அதன் அருமை தனியாகத் தெரியும். வக்கீலின் வருமானம் ஜீவனாம்சத் தொகையில் பங்கு என்றால், நீங்கள் இருவரும் சமாதானமாகிச் சேர்ந்துவிட்டால் அவருக்கு ஒரு பைசா கிடையாது. சமரச மையத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் சமரசத்தால் நஷ்டப்படுபவராக இருந்தால் எப்படி?

பணம் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்பதும் சரியில்லை. இந்து திருமணச் சட்டம் 24-வது பிரிவில், தனக்கென்று போதிய வருமானம் இல்லாத கணவனோ மனைவியோ வழக்கு நடக்கும் காலத்துக்கான ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் மற்றவரிடம் கேட்கலாம். வழக்குச் செலவு என்றால் வக்கீல் ஃபீஸும் சேர்த்துத்தான். அந்த மனுவை 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது (நடப்பது அப்படி இல்லை, ஆனாலும் இதைச் சொல்லிக் கேட்கலாம்). இன்னொன்று, 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவில் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமான வரம்பு கிடையாது. ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிற பெண்ணும் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் பேசலாம். இலவச வக்கீல் என்றால் மட்டமாகத்தான் இருப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. சிலர் அப்படித்தான். ஆனால் மாற்றித் தரச் சொல்லி அதே அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். காசு கொடுத்து வைத்த வக்கீலை மாற்றுவதைவிட இது எளிது.

நல்லவரைக் கண்டுபிடிப்பது எப்படி? விளம்பரத்தில் இல்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்பது பார் கவுன்சிலின் 36-வது விதி; 2008-ல் ஒரு தளர்வு வந்து, பெயர், முகவரி, தகுதி, எந்த வகை வழக்கு என்பதை மட்டும் இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றானது. ‘நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்’, ‘30 நாளில் விவாகரத்து’ என்பதெல்லாம் அதில் அடங்காது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமும் இணையத் தளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிப் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. காவல் நிலைய வாசலில் ‘நம்ம வக்கீல் ஒருத்தர் இருக்கார்’ என்று வந்து ஒட்டிக்கொள்பவர்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். சிவில் வழக்கு நடத்தும் தெரிந்த வக்கீல் யாராவது இருந்தால் அவரிடம், ‘உங்கள் தங்கைக்கு இப்படி ஒரு நிலை என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்?’ என்று கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லும் பெயர் அநேகமாக நீங்கள் கேள்விப்படாத பெயராக இருக்கும்.

போய் உட்கார்ந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, ‘எவ்வளவு நாளில் முடியும் சார்?’

‘அதெல்லாம் ஆறே மாசத்துல முடிச்சிடலாம்மா’ என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இந்து திருமணச் சட்டம் 21பி பிரிவு சொல்வது உண்மைதான். ஆனால் எதிர்த்தரப்பு மறுத்து நிற்கும் வழக்கில் கவுன்சிலிங், கவுன்டர் (பதில் மனு), இடைக்கால மனுக்கள், சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடங்கள் போகும். ‘இவர்களால் இனிச் சேர்ந்து வாழவே முடியாது’ என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து கொடுக்க குடும்பநல நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. 2023 மே மாதம் ஷில்பா சைலேஷ் வழக்கில் அரசியலமைப்பு அமர்வு அப்படிக் கொடுக்கலாம் என்றதெல்லாம் அரசியலமைப்பின் 142-வது உறுப்பின் கீழ் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். செய்தியைப் படித்துவிட்டு ‘அதான் இப்ப சட்டம் வந்துடுச்சே’ என்று வருபவர்களிடம் இதைப் பொறுமையாக விளக்குகிறவர் நல்ல வக்கீல். ‘ஆமா, போட்டுடலாம்’ என்று வக்காலத்தை நீட்டுகிறவர் இல்லை.

வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் அவர் வெளியே சொல்லக் கூடாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய சட்டத்தில் 126-வது பிரிவு, புதியதில் 132. இனிமேல் குற்றம் செய்ய யோசனை கேட்டால் மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆக, இன்னொருவரோடு இருந்த பழக்கமோ, கோபத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ, எதுவாக இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து அவர் முதன்முதலாகக் கேட்கும்படி விடாதீர்கள். ரகசியமாகப் பதிவு செய்த போன் பேச்சு செல்லுமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் முன்னும் பின்னுமாக இருந்தன; 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவிக்கிடையே நடந்த வழக்கில் அப்படிப்பட்ட பதிவைச் சாட்சியமாக எடுக்கலாம் என்றது. அதாவது உங்கள் பேச்சும் எங்கோ பதிவாகி இருக்கலாம்.

இருவரும் மனமொத்துப் பிரிவதுதான் கட்டுகளிலேயே மெல்லிய கட்டு. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு, 1976-ல் வந்தது. ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இறுதி மனுவுக்கும் நடுவே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே ‘இரண்டு பேருக்கும் ஒரே வக்கீல் போதுமே’ என்ற யோசனை வரும். மனு ஒன்றுதான், கூட்டு மனு, செலவு மிச்சம் என்பது உண்மை. ஆனால் நடுவில் யாராவது பின்வாங்கினால்? டிகிரி வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-லேயே சுரேஷ்தா தேவி வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. ஒரு தரப்புக்காக மனு எழுதியவர் பிறகு அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு வரக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. கூட்டு மனு உடைந்தால் அந்த ஒரே வக்கீல் நியாயமாக இரண்டு பேருக்குமே பயன்பட மாட்டார். குறைந்தது கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தை இன்னொரு வக்கீலிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். ஆலோசனைக் கட்டணத்தோடு போகும்.

அந்த ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைக் கவனித்து எழுதுவதில்தான் அனுபவம் தெரியும். ‘ஒருவர் மேல் ஒருவருக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற ஒரு வரி போதாது. நகை எத்தனை பவுன், எந்தத் தேதியில் யார் முன்னிலையில் கைமாறும். சீர்வரிசையாகக் கொடுத்த கட்டிலும் பீரோவும் யார் லாரி வைத்து எடுப்பது. பணத்தில் எவ்வளவு முதல் கையெழுத்தில், எவ்வளவு இறுதிக் கையெழுத்தில். குழந்தையின் பள்ளிக் கட்டணம், தீபாவளி பொங்கல் விடுமுறை. பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து. முக்கியமாக, 498ஏ வழக்கு நிலுவையில் இருந்தால் அதை எப்படி முடிப்பது என்பது. அந்த வழக்கைப் புகார் கொடுத்தவரே ‘வாபஸ்’ வாங்க முடியாது. உயர் நீதிமன்றத்தில், அதாவது சென்னையிலோ தென்மாவட்டம் என்றால் மதுரைக் கிளையிலோ, ரத்து செய்யச் சொல்லித் தனி மனு போட வேண்டும், புகார் கொடுத்தவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அழுத்தம் கொடுக்க அன்றைக்குப் போட்ட கட்டு, அவிழ்ப்பதற்கு இன்றைக்கு இன்னொரு கட்டைக் கேட்கும்.

வக்கீலோடு ஒத்துவரவில்லை என்றால் மாற்றலாம். தயங்க வேண்டியதில்லை, ஆனால் சில விஷயம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். முதலில், வழக்கு எங்கே நிற்கிறது என்று அவரையே கேட்டுக்கொண்டிருக்க அவசியமில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்க சி.என்.ஆர். எண் இருக்கிறது, இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரியும். ‘அன்னைக்கு ஜட்ஜ் லீவுப்பா’ என்ற பதிலைச் சரிபார்க்க இது ஒன்றே போதும். வக்கீல் வராததால் வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்பதற்கு 30 நாள்தான் கெடு. மாற்றும்போது பழைய வக்கீல் வக்காலத்தில் ‘ஆட்சேபம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். ஃபீஸ் பாக்கி என்று கட்டைத் தர மறுப்பார்கள் சிலர். அப்படிப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம், கட்டைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-ல் சொன்னது. நியாயமான பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு வருவது மரியாதை, அது வேறு.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா என்றால் முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. வேண்டுமென்றே ஏமாற்றினார், பணத்தைக் கையாடினார், எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டார் என்றால் மாநில பார் கவுன்சிலில் 1961-ம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35-வது பிரிவில் புகார் கொடுக்கலாம். ‘தோற்றுவிட்டார்’ என்பது புகார் ஆகாது. பணம் கொடுத்ததற்கு ரசீதோ வங்கிப் பரிமாற்றமோ இல்லாமல் அங்கே போய் நிற்பவர்களின் நிலை பரிதாபம். ரொக்கம் கேட்பார்கள், ஜி-பேயில் போடுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

டிகிரி வந்ததும் பலர் அன்றோடு வக்கீல் ஆபீஸ் பக்கம் போவதை நிறுத்திவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். போராடிப் பெற்ற டிகிரி என்றால் மறுமணத்துக்கு முன்பு மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும். குடும்ப நீதிமன்றச் சட்டம் 30 நாள் என்கிறது, இந்து திருமணச் சட்டம் 90 நாள் என்கிறது, 90 நாளைக் கணக்கில் வைப்பதுதான் பாதுகாப்பு. பரஸ்பர சம்மதத்தில் வந்ததற்கு மேல்முறையீடே கிடையாது. தீர்ப்புக்கும் டிகிரிக்கும் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் இரண்டு செட் வாங்குங்கள். ஒன்று பாஸ்போர்ட், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடம் என்று அலையும், இன்னொன்று வீட்டில் இருக்கட்டும். திரும்பி வரும்போது ஆபீஸ் குமாஸ்தாவிடம் சொல்லி உங்கள் கேஸ் கட்டையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகை ரசீதின் ஒரிஜினல் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.